மாதங்களுக்கு வரம்பு கட்டியவர்

மாதம் என்றைக்குப் பிறக்கிறது, என்றைக்கு முடிகிறது என்பது ஒரு பெரிய கேள்வியா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். சுவரில் மாட்டிய நாட்காட்டியின் தாளைக் கிழித்தால் விடை தெரிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தாளை அச்சிட்டவருக்கு விடை சொன்னது யார்? அவருக்குச் சொன்ன பஞ்சாங்கக்காரருக்கு எந்தக் கணக்குச் சொன்னது? இப்படி ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போனால் நாம் வந்து நிற்கும் இடம் வானம். அந்த வானத்தைப் பார்த்துப் பாரத நாட்டுக்குப் பன்னிரண்டு மாதங்களின் முதல் நாளையும் கடைசி நாளையும் வகுத்துத் தந்த அறிஞர் ஒருவரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். அவர் பெயர் மேகநாத சாஹா.

பௌதிகம் பயிலும் நண்பர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவர் பெயரைத் தாங்கிய சமன்பாட்டை அவர்கள் தேர்வுக்காகவேனும் மனப்பாடம் செய்திருப்பார்கள். கம்ப்யூட்டர் விஞ்ஞானம் பயிலும் எனக்கோ அவர் தேதிக் கணக்கின் வழியாகவே அறிமுகமானார். நம் சங்கத்தின் ஆண்டு நாட்காட்டிக்குத் தமிழ் மாதங்களின் முதல் தேதியையும் கடைசித் தேதியையும் கணக்கிட்டுத் தரும் புரோகிராம் ஒன்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதற்காகத் தேடிப் படித்தபோது, 1955-இல் வெளியான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் அறிக்கை கண்ணில் பட்டது. விண்மீன்களின் வெப்பத்தை ஆராய்ந்த மனிதர் பஞ்சாங்கத்தோடு ஏன் மல்லுக்கு நின்றார் என்று அறியும் ஆவல் அப்போது பிறந்தது.

சாஹா 1893-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள், டாக்காவுக்கு அருகில் சியோரதாலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜகந்நாத் சாஹா சிறு கடை வைத்துப் பிழைத்தவர். தாயார் புவனேசுவரி தேவி. எட்டு மக்களுள் இவர் ஐந்தாமவர். மேகநாதன் என்பது இராவணன் மைந்தன் இந்திரசித்தின் மறுபெயர் என்பதை நண்பர்கள் அறிவர். தேவர்கோனையே எதிர்த்து நின்றவனின் பெயர் இவருக்குப் பொருந்தாமல் போகவில்லை.

கடையில் உட்கார்ந்து தராசு பிடிக்க வேண்டிய பையன் அவர். ஊர்ப் பள்ளிக்கு மேல் படிக்க வேண்டுமானால் பல மைல் தொலைவிலுள்ள சிமுலியாவுக்குப் போக வேண்டும், தங்க இடம் வேண்டும், உணவு வேண்டும். அந்த ஊர் வைத்தியர் அனந்த குமார் தாஸ் தம் வீட்டில் இடமும் சோறும் தர முன்வந்ததனால்தான் படிப்பு தொடர்ந்தது. அந்த ஒரு மனிதர் மறுத்திருந்தால் உலகம் ஒரு சமன்பாட்டை வேறு எவரிடமிருந்தோ பெற்றிருக்கும். மாவட்டத்தில் முதலாவதாகத் தேறி, உபகாரச் சம்பளம் பெற்று, 1905-இல் டாக்கா காலேஜியேட் பள்ளியில் சேர்ந்தார். அது வங்கத்தை வெள்ளையர் இரண்டாகப் பிளந்த ஆண்டு. கவர்னர் புல்லரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களோடு இவரும் சேர்ந்து நின்றதால் பள்ளியைவிட்டு நீக்கப்பட்டார். உபகாரச் சம்பளமும் போயிற்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இது சிறிய தண்டனையன்று. கிஷோரிலால் ஜூபிலி பள்ளி அவரை ஏற்றுக்கொண்டது. 1909-இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர்களுள் முதலிடம் அவருடையதாயிற்று.

1911-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். வகுப்புத் தோழரோ சத்யேந்திரநாத் போஸ். 1913-இல் பி.எஸ்ஸி., 1915-இல் எம்.எஸ்ஸி., இரண்டிலும் போஸ் முதல்வர், சாஹா இரண்டாமவர். இத்தகைய இருவர் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்திருந்த வகுப்பில் மூன்றாமவராக இருந்தவரின் நிலையை எண்ணி நான் பலமுறை இரங்கியிருக்கிறேன்!

ஆனால் வகுப்பில் இரண்டாம் இடம் பெற்றவருக்கு விடுதியில் எந்த இடம் கிடைத்தது? ஈடன் இந்து விடுதியில் மேல்சாதி மாணவர்கள் சிலர் அவரோடு ஒரே கூடத்தில் அமர்ந்து உண்ண மறுத்தனர். அவர் தனியே உண்ண நேர்ந்தது. விடுதியில் வாழும் நமக்கு இதன் பொருள் விளக்காமலே விளங்கும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, மணியடித்ததும் எல்லாரும் ஒரு பக்கம் போக, ஒருவன் மட்டும் வேறு பக்கம் போவது! பிற்காலத்தில் நாடு முழுவதற்கும் பொதுவான ஒன்றை உண்டாக்க வேண்டும் என்று அவர் காட்டிய பிடிவாதத்தின் வேர் அந்த உணவுக் கூடத்தில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1916-இல் அசுதோஷ் முகர்ஜி அவரைப் பல்கலைக் கழக விஞ்ஞானக் கல்லூரியில் விரிவுரையாளராக நியமித்தார். சாஹாவும் போஸும் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தனர். 1920-இல் அது நூலாக வெளிவந்தது. அதே 1920-இல்தான் சாஹா தம் பெயரை நிலைநாட்டிய ஆராய்ச்சியையும் வெளியிட்டார். கடும் வெப்பத்தில் அணுக்கள் தம் எலெக்ட்ரான்களை இழக்கின்றன. எத்தனை அணுக்கள் இழக்கும் என்பது வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது. இந்த உறவை அவர் ஒரு சமன்பாட்டில் அடக்கிவிட்டார். விண்மீன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் தெரியும் கோடுகளிலிருந்து அதன் வெப்பநிலையைக் கணிக்க வழி பிறந்தது. 1925-இல் செசிலியா பெயின் என்னும் பெண்மணி விண்மீன்களில் மிகுதியாக இருப்பது ஹைட்ரஜனே என்று காட்டியதும் இச்சமன்பாட்டைத் துணைக்கொண்டுதான்.

பிறகு லண்டன், பெர்லின். 1923 முதல் 1938 வரை அலகாபாத் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் பதவி. 1927-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெருமை. 1938-இல் மீண்டும் கல்கத்தா. அங்கே அணு ஆராய்ச்சிக்கென அவர் நிறுவிய நிலையம் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் கல்கத்தாவிலிருந்து சுயேச்சையாக நின்று வென்று, பாராளுமன்றத்தில் அமர்ந்து, நேருவின் அரசாங்கத்தைத் திட்டங்களைப் பற்றியும் விஞ்ஞானக் கொள்கையைப் பற்றியும் ஓயாமல் கேள்வி கேட்டார். அதே ஆண்டு நவம்பரில் விஞ்ஞான தொழில் ஆராய்ச்சி மன்றம் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்துத் தலைவராக அவரையே நியமித்தது. பஞ்சாங்கக் கணிதத்தில் கைதேர்ந்த நிர்மல் சந்திர லாஹிரி அதன் செயலாளர்.

அன்று நாட்டில் ஏறத்தாழ முப்பது வகை நாட்காட்டிகள் வழக்கில் இருந்தன. ஒரே சூரியனைப் பார்த்துக் கணக்கிட்டவர்கள்கூட ஒரே நாளில் மாதத்தைத் தொடங்கவில்லை. இதை நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். என் புரோகிராமின் சிக்கலும் இதுதான்.

ஆங்கில மாதத்தின் கடைசி நாளைக் காணப் புரோகிராம் எழுதுவோர் ஒரு தந்திரம் செய்வதுண்டு. எந்த மாதத்துக்கு 30, எந்த மாதத்துக்கு 31 என்று அட்டவணை வைத்துக்கொண்டு பிப்ரவரியிடம் அகப்பட்டுக்கொள்வானேன்? அடுத்த மாதத்தின் 1-ஆம் தேதிக்குப் போய், அங்கிருந்து ஒரு நாள் பின்வாங்கினால் போதும். டிசம்பராக இருந்தால் ஆண்டையும் ஒன்று கூட்டிக்கொண்டு ஜனவரி 1-க்குப் போய்த் திரும்ப வேண்டும். லீப் ஆண்டைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. தேதிக் கணக்கு கம்ப்யூட்டர் மொழியிலேயே அமைந்திருக்கிறது.

தமிழ் மாதத்துக்கும் இத்தந்திரம் பொருந்தும். மார்கழியின் கடைசி நாள் தை 1-க்கு முந்திய நாள்தான். ஆனால் தை 1 எந்த நாள்? அதை எந்த அட்டவணையும் சொல்லாது. சூரியன் மகர ராசிக்குள் நுழையும் கணத்தைக் காண வேண்டும். அதற்குச் சூரியனின் இருப்பிடத்தைத் தரும் கணக்கு வேண்டும். ஜனவரி 13-இல் நுழையவில்லை, 16-இல் நுழைந்துவிட்டான் என்று கண்டு, இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே வந்து அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். பிறகு அன்றைய சூரிய அஸ்தமனம் எத்தனை மணிக்கு என்று கணக்கிட வேண்டும். சங்கராந்தி அஸ்தமனத்துக்கு முன் நேர்ந்தால் அன்றே தை 1; பின் நேர்ந்தால் மறுநாள். இதுவே தமிழர் விதி.

மலையாளிகள் விதி வேறு. பகற்பொழுதை ஐந்தாகப் பங்கிட்டு, மூன்று பங்கு கழிவதற்குள் சங்கராந்தி நேர்ந்தால்தான் அன்று மாதப் பிறப்பு. ஒரிசாவில் எப்போது நேர்ந்தாலும் அன்றே. வங்காளத்திலோ நள்ளிரவே எல்லை. அதற்கு முன் நேர்ந்தால் மறுநாள், பின் நேர்ந்தால் அதற்கும் அடுத்த நாள். ஆகவே பிற்பகல் 3 மணிக்குச் சங்கராந்தி என்றால் தமிழருக்கும் ஒரியருக்கும் அன்றே மாதம் பிறக்கும். மலையாளிக்கும் வங்காளிக்கும் மறுநாள் பிறக்கும். இரவு 9 மணி என்றால் தமிழரும் மறுநாள் கட்சிக்குப் போய்விடுவர். நம் விடுதியில் நான்கு மொழியினரும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறோம். ஒரே நாளில் நால்வரின் மாதத் தேதியும் ஒத்திருப்பது வியப்புத்தான்!

தலைநகரில் வாழும் தமிழருக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. எந்த ஊர் அஸ்தமனம்? ஜூன் நடுவில் சென்னையில் சுமார் 6.40-க்குப் பொழுது சாய்கிறது, தில்லியிலோ 7.20 ஆகிவிடுகிறது. ஆனி மாதச் சங்கராந்தி 7 மணிக்கு நேருமானால் சென்னையில் மறுநாள் ஆனி 1. தில்லி அஸ்தமனத்தைக் கொண்டால் அன்றே ஆனி 1. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் சங்கராந்திக்கு ஒரே நேரத்தைச் சொல்வதில்லை என்பது வேறு. மாதத்தின் நீளமோ 29 நாளிலிருந்து 32 நாள் வரை ஆடுகிறது. பூமி சூரியனைவிட்டு விலகிச் செல்லும் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மெல்ல நகர்வதுபோல் தோன்றுவதால் ஆனி நீளமானது; ஜனவரித் தொடக்கத்தில் விரைவதுபோல் தோன்றுவதால் மார்கழி குறுகியது. இதனை நம் முன்னோர் கணக்கில் கொண்டிருந்தனர் என்பது பெருமைதான். ஆயினும் புரோகிராம் எழுதுபவனுக்கு அந்தப் பெருமை ஒரு வார வேலை!

சாஹா கண்ட குறை இதனினும் ஆழமானது. சூரிய சித்தாந்தம் ஆண்டின் நீளத்தை 365.258756 நாள் என்கிறது. பருவங்கள் திரும்பி வரும் ஆண்டோ 365.2422 நாள். வித்தியாசம் சிறியது, அறுபது ஆண்டுக்கு ஒரு நாள். ஆனால் 1400 ஆண்டுகளில் அது 23 நாளாகப் பெருகிவிட்டது. சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22-ஐ ஒட்டி. நாம் உத்தராயணப் பிறப்பைக் கொண்டாடுவதோ ஜனவரி 14-இல். விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இன்று அது 14-க்கும் 15-க்கும் வந்துவிட்டது. இப்படியே விட்டால் பொங்கல் பிப்ரவரிக்கும், பிறகு கோடைக்கும் போகும். வசந்தத்தின் பெயரால் கொண்டாடும் விழா மழையில் வந்து நிற்கும்.

இதற்குக் குழு கண்ட மருந்து எளியது. ஆண்டு வசந்த விஷுவத்தின் மறுநாள் தொடங்கட்டும். மார்ச் 22, சைத்திரம் 1. லீப் ஆண்டில் மார்ச் 21. சைத்திரத்துக்கு 30 நாள், லீப் ஆண்டில் 31. வைசாகம் முதல் பாத்திரபதம் வரை ஐந்து மாதங்களுக்கு 31 நாள். ஆசுவினம் முதல் பங்குனம் வரை ஆறு மாதங்களுக்கு 30 நாள். சூரியன் மெல்லச் செல்லும் அரையாண்டுக்கு நீண்ட மாதங்களையும், விரைந்து செல்லும் அரையாண்டுக்குக் குறுகிய மாதங்களையும் கொடுத்ததால், வானத்தின் நடையும் அதில் ஓரளவு தங்கிற்று. லீப் ஆண்டைக் காணச் சக ஆண்டோடு 78 கூட்டினால் போதும். சகம் 1946-உடன் 78 கூட்டினால் 2024. அது லீப் ஆண்டு. ஆகவே அவ்வாண்டு சைத்திரம் மார்ச் 21-இல் தொடங்கி 31 நாள் நீடித்தது. இதில் நான் மிகவும் மெச்சும் நுட்பம் ஒன்றுண்டு. லீப் ஆண்டின் கூடுதல் நாளைச் சைத்திரமே விழுங்கிவிடுவதால், வைசாகம் 1 என்றைக்கும் ஏப்ரல் 21-ஐவிட்டு நகர்வதில்லை. அதன் பின் வரும் மாதங்களும் அவ்வாறே தத்தம் தேதியில் அசையாமல் நிற்கின்றன. சங்கராந்தியும் வேண்டாம், அஸ்தமனமும் வேண்டாம். இந்த நாட்காட்டிக்கு மாத முதல் நாளும் கடைசி நாளும் தரும் புரோகிராமை நான் பத்து வரியில் முடித்தேன். தமிழ் மாதத்துக்கு இருநூறு வரிக்கு மேல் ஆயிற்று.

சமய விழாக்களைப் பொறுத்தவரை சாஹா இவ்வளவு தூரம் போகவில்லை. போக முடியவில்லை என்பதே சரி. பல நூற்றாண்டுப் பிழையை ஒரே நாளில் திருத்தி விழாக்களை 23 நாள் முன்னே இழுத்தால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று குழு உணர்ந்தது. ஆகவே இதுவரை ஏற்பட்ட நகர்வை அப்படியே விட்டு, இனிமேல் நகராதபடி 23 பாகை 15 கலையில் நிறுத்திவிடலாம் என்று பரிந்துரைத்தது. கறாரான விஞ்ஞானி ஒருவர் இணங்கி வந்த இடம் இது. ஆனால் அந்த நிறுத்தலையும் பஞ்சாங்கங்கள் ஏற்கவில்லை, நகர்வு நின்றபாடில்லை.

பொது நாட்காட்டியைத் தமிழர் ஏற்காததற்கு வேறொரு காரணமும் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. வங்காளிகள் ஏப்ரல் நடுவில் தொடங்கும் மாதத்தை வைசாகம் என்பர். நாம் அதையே சித்திரை என்போம். சாஹாவின் குழு பெயரிட்ட முறையில் சைத்திரம் நம் பங்குனியில் பிறக்கிறது. நம் சித்திரையின் பெரும்பகுதி வைசாகம் ஆகிவிடுகிறது. ஏற்கெனவே சித்திரை என்று சொல்லிக்கொண்டிருப்பவனிடம் வேறொரு காலத்தைக் காட்டி இதுவே சைத்திரம் என்றால் அவன் எப்படி ஒப்புவான்? கணக்கில் சாஹாவின் பக்கமே நான். பெயரில் அவர் நம்மைக் கேட்டிருக்கலாம்.

அறிக்கை 1955-இல் வெளிவந்தது. 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், இதே தில்லியில், ராஷ்டிரபதி பவன் வளாகத்தில் அப்போதிருந்த திட்டக் குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் சாஹா சாய்ந்தார். வயது 62. அவர் வகுத்த நாட்காட்டி 1957 மார்ச் 22-இல், சக ஆண்டு 1879 சைத்திரம் 1-இல், நடைமுறைக்கு வந்தது. தாம் வரம்பு கட்டிய மாதங்களுள் ஒன்றிலும் அவர் ஒரு நாள்கூட வாழவில்லை.

அரசிதழின் தலைப்பிலும், வானொலிச் செய்தியின் தொடக்கத்திலும், அரசாங்க நாட்காட்டிகளிலும் அந்தத் தேதிக்கு இடம் தரப்பட்டது. ராஷ்டிரிய பஞ்சாங்கம் தமிழிலும் அச்சாகிறது. ஆனால் இன்று சைத்திரம் எத்தனாம் தேதி என்று நம் விடுதியில் யாரைக் கேட்டாலும் விழிப்பர். கம்ப்யூட்டர்களோ விழிப்பதில்லை. உலக நாட்காட்டிகளைக் காட்டுவதற்கென்று கம்ப்யூட்டர்களிலும் கைபேசிகளிலும் பரவலாகப் பயன்படும் ஐ.சி.யூ. என்னும் புரோகிராம் தொகுதியில் இந்திய தேசிய நாட்காட்டி இடம்பெற்றிருக்கிறது. கோடிக்கணக்கானோர் நாள்தோறும் பார்க்கும் நம் ஆடியும் தையும் அதில் இல்லை.

சாஹா பிறந்த மண்ணில் கதை வேறாக நடந்தது. 1966-இல் டாக்காவில், முகம்மது ஷாகிதுல்லா தலைமையில் ஒரு குழு வங்காள நாட்காட்டியைத் திருத்திற்று. முதல் ஐந்து மாதங்களுக்கு 31 நாள், எஞ்சியவற்றுக்கு 30 என்று சாஹா குழுவின் முறையை ஒத்த விதியை அது பரிந்துரைத்தது. 1987-இல் வங்கதேச அரசு அதனை ஏற்றது. மாத நாள்கள் பின்னரும் சிறிது மாற்றப்பட்டன. ஆனால் வைசாகம் 1 அங்கே ஏப்ரல் 14-இல் நிலைத்துவிட்டது. கல்கத்தாவில் இன்னும் சங்கராந்தியைப் பார்த்தே ஆண்டு பிறக்கிறது. பெரும்பாலும் அது ஏப்ரல் 15. சியோரதாலி கிராமத்தார் புத்தாண்டு கொண்டாடி முடித்த மறுநாள் கல்கத்தாவில் கொண்டாட்டம் தொடங்குகிறது.